ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் ஏன் சாவி கேட்கிறது?

குருசுக்குப்பம் மாதிரி கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று இரும்புக் கதவை மட்டுமா அரிக்கிறது? கணினியையும் விடுவதில்லை. பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறீர்கள். விண்டோஸையும் ஏற்றியாயிற்று. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் செய்யவும்’ என்று மங்கலாக ஒரு வாசகம். காசு கொடுத்து வாங்கியது எங்கே போனது?

எங்கும் போகவில்லை. ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் வெளியூர் போய்விட்டார் என்பதற்காகக் கார்டு செல்லாமல் போகாது. குடும்பத் தலைவரே மாறினால்தான் அலுவலகம் கேள்வி கேட்கும். கணினியில் அந்தத் தலைவர் மதர்போர்டு. ஹார்ட் டிஸ்க் ஓர் உறுப்பினர்தான்.

2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், உள்ளே இருக்கும் பாகங்களைக் கொண்டு ஓர் அடையாளம் உருவாகி, உரிமத்தோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிறது. கடையில் விண்டோஸோடு வாங்கிய பல மடிக்கணினிகளில் உரிமச் சாவி (ப்ராடக்ட் கீ) மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனால் டிஸ்க் மட்டும் மாறினால், இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? முதலில் பதிப்பைப் பாருங்கள். முன்பு இருந்தது ‘ஹோம்’, மெக்கானிக் ஏற்றியது ‘ப்ரோ’ என்றால் உரிமம் பொருந்தாது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் சர்வர் ஏற்காமல் போகலாம். அப்புறம் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய் ட்ரபிள்ஷூட் அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்பே இணைத்திருந்தால், மதர்போர்டு மாறியிருந்தாலும் மீட்க வழி உண்டு. கணினியோடு வந்த உரிமத்துக்கு மட்டும் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

‘இலவச ஆக்டிவேட்டர்’ எதையும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். வைரஸ் நுழையும் வழி அது. பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன் பதிப்பின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.