பேண்டேஜ் துணியும் பால்கோவாவும்

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவன் நான். 2021 மே மாதம் அதே துணி என் கழுத்தைச் சுற்றி. கொரோனா, மதுரையில் இரண்டு வாரம் வென்டிலேட்டர். பிறகு குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். காற்று குரல்நாணைத் தொடாமலே போய்விடும்; பேச்சு ஏது? வீட்டுக்காரியிடம் சிலேட்டில் எழுதித்தான் சண்டை.

குழாயை மூடிவைத்து மூச்சைப் பழக்கி, அப்புறம்தான் எடுத்தார்கள். துளை தானே தூர்ந்தது. விழுங்குவதுதான் பெரும்பாடு. தண்ணீர் புரையேறும், குழைவானது இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விரல்நுனி அளவு இறங்கிய அன்று அழுதேன். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் குழல் சுருங்குகிறதென்று அர்த்தம், உடனே வாங்க என்றிருந்தார் டாக்டர். மாடியேறினால் இளைப்பு மாதக்கணக்கில் நீடித்தது.

2022 ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் முன்னால் ‘கோவிந்தா’ என்றேன். கரகரப்புதான். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.