கசியும் கண்ணாடித் தொட்டி

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நாகூர் ஆண்டவர் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுந்த தர்கா இன்றும் நிற்கும் சூலியா தெருவில் வாசம் செய்வோருக்குக் காற்றின் ஈரத்தைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் பொரிவதும், புத்தகம் பூசணம் பூப்பதும், உப்பு ஜாடி நீர்த்துப் போவதும் அங்கே நித்திய சம்பவங்கள். வீட்டில் உள்ள சகல வஸ்துக்களுக்கும் சத்துருவாகிய அந்த ஈரம், ஒழுகும் மீன்தொட்டியைச் சிலிக்கோன் பூசி அடைக்கும் காரியத்தில் மட்டும் பரம மித்திரனாகிவிடுகிறது.

மீன் ரசனைக்கு இத்தீவு புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் இருந்த டேனிஷ் வைத்தியர் தியோடோர் கேன்டர், மலாய் நாட்டு மீன்களைப் பற்றி 1849-இல் எழுதிய பட்டியலில் பினாங்கிலே கிடைத்த மீன் ஒன்றை வர்ணித்தார். 'பெட்டா பக்னாக்ஸ்' என்று இன்று வழங்கும் அது, சண்டைமீன் வம்சத்தைச் சேர்ந்ததாயினும், ஆண் மீனே முட்டைகளை வாயில் சுமந்து காப்பாற்றும் சாதுப் பிராணி. லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி மண்டபம் திறந்தது 1853-இல். அக்காலம் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரையில், உலோகச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த தொட்டிகளே வழக்கம். சட்டம் துருவேறும், மக்கு காய்ந்து வெடிக்கும். 1960-களில் சிலிக்கோன் பசை புழக்கத்துக்கு வந்து, கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே பிணைத்தது.

அப்பிணைப்பு தாங்கும் பாரம் சாமானியமானதன்று. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முன்பக்கக் கண்ணாடியை, நிரம்பிய நீர் சுமார் 90 கிலோ எடைக்கு ஈடான விசையோடு வெளியே தள்ளுகிறது. அழுத்தம் அடிமட்டத்தில்தான் அதிகம். வெளியே சொட்டும் இடமே உட்புறத்தில் பழுதான இடம் என்று எண்ணுவது பிசகு. நீர் ஓரிடத்தில் நுழைந்து, பசைக்குப் பின்னால் ஊர்ந்து, வேறு மூலையில் தலைகாட்டும்.

ஆகவே ஓட்டை தெரிந்த மூலையில் மட்டும் ஒரு துளி அப்புவது வீண் வேலை. உலர்ந்த சிலிக்கோன்மேல் புதுச் சிலிக்கோன் உறுதியாக ஒட்டுவதில்லை என்பதே இதில் மர்மம். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள மூட்டு குமிழியோ பிளவோ இன்றித் திடமாக இருக்குமானால் அதைத் தொடாமல், உட்புற மூலைகளில் ஓடும் பழைய பசையை முழுவதும் பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். மூட்டே விட்டிருந்தால் தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். சுரண்டியபின் கண்ணாடி பளிச்சென்றிருக்கும். அதை நம்பக் கூடாது. விரல் நுனியால் தடவினால் ரப்பர் போன்ற ஒரு மெல்லிய பிடிப்பு தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் நீங்கும்வரை பிளேடைச் சாய்த்துப் பிடித்து மறுபடியும் வழித்து, கடைசியில் அசிட்டோனால் துடைப்பதே வேலையில் முக்கால் பங்கு; பூசுவது மிச்சம்தான்.

கடையில் வாங்கும்போது, பூசணம் பிடிக்காது என்று விளம்பரம் செய்யும் குளியலறைச் சிலிக்கோனைத் தள்ளிவிடுக. அதில் கலந்த மருந்து மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்கென்றே விற்பதே உத்தமம். மூலையின் இருபுறமும் காகித டேப் ஒட்டி, இடைவிடாத ஒரே கோடாகப் பசையைப் பிதுக்கி, நனைத்த விரலால் ஒருமுறை இழுத்துவிட்டு, மேலே தோல் படிவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்தே இப்பசை இறுகுவதால் பினாங்கில் அத்தோல் சீக்கிரமே படிந்துவிடும். மித்திரனுக்கும் கொஞ்சம் அவசரபுத்தி உண்டு.

மேல்தோலை வைத்து உள்ளும் காய்ந்ததென்று முடிவு கட்டலாகாது. வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கணக்கில்தான் அது இறுகுகிறது. அப்போது வெளியேறும் அசிட்டிக் அமிலமே அறையெங்கும் வீசும் காடி வாடைக்குக் காரணம். அவ்வாடை அறவே அடங்கிய பிறகு, குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, தொட்டியைச் சமதளத்தில் உலர்ந்த செய்தித்தாளின்மேல் வைத்து, கால் பாகம் நீர் விட்டுப் பார்த்து, பிறகு பாதி, பிறகு முழுதும் என்று நிரப்பி, ஒரு நாள் முழுதும் விட்டுவைக்க வேண்டும். தாள் நனையவில்லையானால் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் மீனை விடலாம்.