கல்லமேட்டின் தாவர உண்ணி

மன்னார்குடி வயல்களின் வண்டலுக்கடியில் புதைந்திருக்கும் காவிரிப் படுகையின் பழம்பாறைகள், அரியலூர்ப் பக்கம் தரைமட்டத்திலேயே தெரிகின்றன. அங்கே கல்லமேட்டில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் கிடைத்த எலும்புகளை 1980களில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ஆராய்ந்து, புருஹத்காயோசாரஸ் என்னும் புதிய டைனோசராக அறிவித்தார்கள். ஊன் உண்ணி என்றே முதலில் வகைப்படுத்தினார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். அவ்வளவு நீளம் அறியப்பட்ட எந்த ஊன் உண்ணிக்கும் கிடையாது. ஆகவே, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று பின்னர் திருத்தப்பட்டது.

எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டதால், அவை கல்மரத் (கல்லாக மாறிய மரத்) துண்டுகளாக இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. அதே படுகையிலுள்ள சாத்தனூரில் கல்மரம் இருப்பதால் அது நியாயமான கேள்விதான். எனினும் 2022இல் வெளியான பழைய களப் படங்கள் அவை எலும்புகளே என்பதை வலுப்படுத்தின. இந்த எலும்புகளைப் போல் அழிந்துவிடாமலிருக்க, புதைபடிவம் கண்டால் தோண்டாதீர்கள். உடனே அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள்.