கல்லூரி வேதியியல் ஆய்வக வகுப்பில் புலனக் குழுவின் பயன்பாடு

முன்னுரை

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டபோது, பாடக்குறிப்புகளை மாணவர்களிடம் கொண்டுசேர்த்த கருவிகளுள் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குறிப்பிடத்தக்கதாகும். கல்லூரிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் வகுப்புக்கான புலனக் குழுக்கள் தொடர்கின்றன. ஆயினும் அவற்றுள் பல, தேர்வுக்கால அட்டவணையையும் கோப்புகளையும் அனுப்பும் அறிவிப்புப் பலகைகளாகவே நின்றுவிடுகின்றன. அறிவியல் சிந்தனைக்கு அவற்றைப் பயன்படுத்தும் முறையை, இளநிலை வேதியியல் மாணவர் செய்யும் தரம்பார்த்தல் சோதனையின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

முடிவுநிலையும் ஒளிப்படமும்

திட்ட ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பினாப்தலீனை நிறங்காட்டியாகச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்க்கும்போது, நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறுவதே முடிவுநிலை. அடர்சிவப்புத் தோன்றினால் முடிவுநிலை கடந்துவிட்டது என்பது பொருள். 0.1 நார்மல் அமிலம் 20 மி.லி. எடுக்கப்பட்டதாகக் கொள்வோம். காரம் 20.0 மி.லி. செலவானால் அதன் செறிவு 0.1 நார்மல். அரை மி.லி. கூடுதலாகச் சேர்த்து 20.5 எனக் குறித்தால், செறிவு ஏறத்தாழ 0.0976 நார்மல் எனக் குறைந்துவிடும்.

அடர்நிறக் குடுவையின் ஒளிப்படத்தைக் குழுவில் இட்டு, ‘இச்செறிவு உண்மை மதிப்பினும் கூடுமா, குறையுமா? ஏன்?’ என வினவலாம். வெள்ளைத்தாளின் மேல் குடுவையை வைத்து உடனடியாகப் படமெடுத்தல் வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் இளஞ்சிவப்பு மெல்ல மங்கும் என்பதே காரணம். இம்மங்கலையே அடுத்த வாரத்திற்குரிய வினாவாகவும் அமைக்கலாம்.

முதல் விடையின் ஆதிக்கம்

குழுவில் வினா எழுப்பப்பட்டவுடன் ஒருவர் விடையளித்தால், அவ்விடை அனைவர் கண்ணிலும் படுகிறது. ஏனையோர் அதனை வழிமொழிகின்றனர். அல்லது அமைதி காக்கின்றனர். இந்த உடன்பாட்டைப் புரிதல் எனக் கொள்ள இயலாது.

ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த சகமாணவர்வழிக் கற்பித்தல் முறையில், மாணவர் முதலில் தனியே சிந்தித்து விடையளிப்பர். பின்னரே அருகிலிருப்போருடன் விவாதித்து மீண்டும் விடையளிப்பர். புலனக் குழுவின் இயல்பு இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. எனவே விடையைக் காரணத்துடன் குறித்த நேரத்திற்குள் ஆசிரியருக்குத் தனிச்செய்தியாக அனுப்பச் செய்தல் வேண்டும். பின்னர் முரண்பட்ட இரு விடைகளைப் பெயர் நீக்கிக் குழுவில் இட்டு விவாதிக்கச் செய்யலாம். பிழை செய்தவர் அடையாளம் காணப்படாததால், பிழை கேலிக்கு உள்ளாகாது, ஆராய்ச்சிக்கு உரியதாகிறது. அடுத்த ஆய்வக வகுப்பில் சோதனையை மீளச் செய்து முடிவை உறுதிப்படுத்துவது இன்றியமையாதது.

மொழியும் தனியுரிமையும்

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து ஆங்கிலவழிக் கல்லூரி வகுப்பிற்கு வரும் மாணவர், விடை தெரிந்தும் மொழித்தயக்கத்தால் வாய்திறவாதிருப்பதுண்டு. தமிழில் குரற்செய்தியாக விளக்கவும், வேதிச் சமன்பாட்டைக் கையால் எழுதிப் படமாக அனுப்பவும் இசைவளித்தால் இத்தடை தளரும்.

மறுபுறம், குழுவில் இணைவோரின் கைப்பேசி எண் ஏனைய உறுப்பினர்க்கும் தெரியவருகிறது. இதனை விரும்பாத மாணவியர் இருக்கக்கூடும். திறன்பேசியோ இணைய வசதியோ இல்லாதோரும் உளர். ஆகவே குழுவில் சேர்வது விருப்பத்தின்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும். அதே வினாவை ஆய்வக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, துண்டுத்தாளில் விடை பெறலாம். குழுவில் பதிலளித்தமைக்கு அகமதிப்பெண் வழங்குவது இவர்களுக்கு அநீதியாகும்.

முடிவுரை

புலனக் குழு ஆய்வகத்திற்கு மாற்றாகாது. இரு ஆய்வக வகுப்புகளுக்கு இடையே சிந்தனையைத் தொடரச் செய்யும் துணைக்கருவியே. தனிச்சிந்தனை, விவாதம், சோதனை என்னும் வரிசையை ஆசிரியர் காக்கும்போதே அக்குழு அறிவியல் கற்றலுக்குப் பயன்படும் எனலாம். அனுப்பப்பட்ட செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், முதலில் அளித்த விடையைக் காரணம் உணர்ந்து திருத்திக்கொண்ட மாணவர்களின் எண்ணிக்கையே அப்பயனை அளக்கும் தக்க அளவுகோலாகும்.