7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 ஏன் வந்தது?

பழைய பைத்தான் நிரல்மொழியில் 7/2 என்று எழுதினால் விடை 3. இரண்டும் முழு எண்கள் என்பதால் மீதியை உதறிவிடும். சி மொழியின் வழியில் வந்த பழக்கம். 7.0/2 என்றால்தான் 3.5 வரும். சராசரி கணக்கிடும் நிரல், பிழைச்செய்தி ஏதுமின்றித் தப்பான விடையைத் தந்துவிட்டுப் போகும். அதுதான் ஆபத்து.

உடனே மாற்றிவிட வேண்டியதுதானே? முடியாது. பழைய விடையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். எனவே 2001-ல் 'பெப் 238' என்ற முன்மொழிவு வந்தது. மாற்றம் ஏன், எந்த நிரல் உடையும், பிற யோசனைகள் ஏன் வேண்டாம் என்பதையெல்லாம் இத்தகைய ஆவணம் சொல்லியாக வேண்டும்.

அதே ஆண்டு வெளியான 2.2 பதிப்பில், மீதியை உதறும் வகுத்தலுக்கு // என்ற தனிக்குறி கிடைத்தது. விரும்பியவர்கள் நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்து, புதிய முறைக்கு முன்கூட்டியே மாறலாம். 2008-ல் வந்த 3.0 பதிப்பில்தான் 7/2 எல்லோருக்கும் 3.5 ஆனது. ஒரு சாய்கோட்டுக்கு ஏழு ஆண்டுகள்! அவசரப்படாதது நல்லதே.

இப்போது -7//2 என்று போட்டுப் பாருங்கள். -3 அல்ல, -4 வரும். பைத்தான் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். காரணம், அதன் அதிகாரபூர்வ கேள்வி-பதில் ஆவணத்திலேயே இருக்கிறது, ஒருமுறை படித்துவிடுங்கள்.