பதினான்கு ஆண்டுக் கணக்கு

"ஆயுள் தண்டனைதானே! பதினான்கு ஆண்டு போனால் பையன் வந்துவிடுவான்."

தேநீர்க் கடைப் பெஞ்சிலே இப்படி ஆறுதல் சொல்லாதவர் உண்டா? அந்தச் சொல்லை நம்பி, ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிக் கொண்டிருக்கிறாள் தாய். நாள் வருகிறது, சிறைவாசலிலே போய் நிற்கிறாள், கதவு திறக்கவில்லை. ஏன்?

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை, தோழர்களே! ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான். காந்தியார் கொலை வழக்கிலே தண்டிக்கப்பட்ட கோபால் கோட்சே, "கழிவு நாட்களையும் கூட்டினால் 20 ஆண்டு ஆகிவிட்டது, விடுங்கள்" என்று கேட்டார். 1961-இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. அரசு உத்தரவிட்டாலன்றி ஆயுள் கைதிக்கு விடுதலை இல்லை என்றது.

பின் அந்தப் பதினான்கு எங்கிருந்து முளைத்தது? 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே 433-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தூக்கும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர், 14 ஆண்டு மெய்யாகவே சிறையிலே கழித்தாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் 475-ஆம் பிரிவாக அதே விதி இருக்கிறது. "அதற்கு முன் விடாதே" என்கிறது சட்டம். "அன்றே விட்டுவிடு" என்று அது சொல்லவில்லை!

ஏழாண்டு, பத்தாண்டு என்று எண்ணிப் போட்ட தண்டனையிலே, உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் கிடைக்கும் கழிவு நாட்கள் விடுதலையை முன்னே கொண்டு வரும். ஆயுள் கைதியின் 14 ஆண்டுக் கணக்கிலே அந்தக் கழிவு சேராது. விசாரணைக் கைதியாக அடைபட்டிருந்த நாட்கள் சேரும். பரோலிலே வெளியே இருந்த நாட்கள் சேரா. 2023-இல் கோவா வழக்கொன்றிலே உச்சநீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது.

பரோல் என்பது விடுப்பு, விடுதலையன்று. நம் மாநிலத்தின் 1982-ஆம் ஆண்டு விதிகளிலே சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு உண்டு. தாய் மாண்டாலும், மகள் மணமேடை ஏறினாலும் அவசர விடுப்புக் கேட்கலாம். நாள் முடிந்ததும் திரும்பியே ஆக வேண்டும்.

இந்தச் சட்டக் கதவுக்கு அப்பால் இன்னொரு கதவும் உண்டு. அரசியல் சட்டம் 161-ஆம் விதிப்படி ஆளுநர் தண்டனையைக் குறைக்கலாம். அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் அவர் நடக்க வேண்டும். நடந்ததா? 1991-இல் பத்தொன்பது வயதிலே கைதானவர் பேரறிவாளன். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. கோப்பு இரண்டாண்டுக்கு மேல் உறங்கியது. பிறகு குடியரசுத் தலைவருக்குப் போயிற்று. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றமே விடுவித்தது. ஊர் ஊராக அலைந்த அற்புதம் அம்மாளின் கால்களைக் கேளுங்கள், காகிதம் ஒன்று நகர எத்தனை காலம் ஆகுமென்று!

அலையத் தெரியாத தாய்மார் என் செய்வர்? 2025 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. முன்விடுதலைக்கு அரசு கொள்கை வகுத்திருந்தால், தகுதி வந்த கைதியின் வழக்கை, அவர் மனுப் போடாவிட்டாலும், அரசே எடுத்துப் பரிசீலிக்க வேண்டும்.

எனவே தோழர்களே, உங்கள் தெருவிலே ஒரு தாய் காத்திருந்தால், பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள். "பணம் கொடு, வெளியே எடுத்துத் தருகிறேன்" என்பவனிடம் அவள் தாலியை அடகு வைக்க விடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறையிலிருப்பவருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மகன் கழித்த நாட்களைக் கணக்கிட்டுக் கேளுங்கள். அவன் கோப்பைப் பார்ப்பது அரசின் கடமை. பார்க்கும்படி கேட்பது நம் கடமை!