வர்ஜீனியாவின் கீழவைத் தேர்தல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவை செனட், கீழவை பிரதிநிதிகள் அவை. 1619-இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய மன்றத்தின் வழிவந்த இந்தக் கீழவையில் 100 உறுப்பினர்கள். தொகுதிக்கு ஒருவர்; பதவிக்காலம் 2 ஆண்டுகள்.

ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பரில், முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாயன்று வாக்குப்பதிவு நடக்கிறது. அதிபர் தேர்தல் இரட்டைப்படை ஆண்டில் வருவதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. வேட்பாளர் 21 வயது நிறைந்தவராக, அதே தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். அதிக வாக்கு பெறுபவரே வெற்றியாளர். பாதிக்கு மேல் பெறவேண்டிய கட்டாயமில்லை.

வாக்குகள் சமமானால் குலுக்கல்தான். 2017 தேர்தலில் 94-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸும் தலா 11,608 வாக்குகள் பெற்றனர். மறுஎண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே வாக்கில் முந்தியிருந்தார்; சர்ச்சைக்குரிய ஒரு வாக்குச்சீட்டை நீதிமன்றம் யான்சிக்குச் சேர்த்ததும் சமநிலை வந்தது. 2018 ஜனவரி 4 அன்று கிண்ணத்திலிருந்து எடுத்த சீட்டில் யான்சியின் பெயர் இருந்தது. குடியரசுக் கட்சி 51-49 என்று அவையைத் தக்கவைத்தது. இன்னும் ஒரே ஒருவர் வாக்களித்திருந்தால் குலுக்கலுக்கே வேலை இருந்திருக்காது.

2019-இல் சைமண்ட்ஸ் அதே தொகுதியில் வென்றார். அவை ஜனநாயகக் கட்சியின் வசமானது.